சுரத்தாரும் எல் வழிபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று கோடையாக ஒரு கதை விளையாட்டு நடக்கிறது. ஐந்தாறு பேர் பாய் விரித்து உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, தாயக்கட்டை உருட்டி, எங்கேயும் இல்லாத ஒரு பாலைவனத்தைக் கடக்கிறோம். அங்கே வாழும் மக்கள் சுரத்தார். அவர்கள் கும்பிடும் சூரியனுக்குப் பெயர் எல். கதையை நடத்துகிறவன் நான் என்பதால் புதிதாக வந்து உட்காருகிற எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

சுரத்தார் என்று ஒரு கூட்டம் நிஜமாகவே இருந்ததா?

இல்லை. முழுக்க நாங்கள் கட்டிவிட்ட கதை. ஏழு கிணறு, நடுவே சிவப்பு மணல், கிணற்றுக்குக் கிணறு உப்பும் தோலும் சுமந்துகொண்டு ஒட்டகத்தோடு நடக்கிற சனம். அவ்வளவுதான் அவர்கள் உலகம்.

மணலின் நிறம் மட்டும் கண்ணால் பார்த்தது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில் மணல்துகள் மேல் இரும்பு ஆக்ஸைடு படிந்து செக்கச்செவேல் என்று கிடக்கும். ஒரு சித்திரை மதியம் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்தடி நடந்து பார்த்தேன். பதினோராவது அடி எடுத்து வைக்கவில்லை.

சுரம் என்றால் காய்ச்சல்தானே?

காய்ச்சலும்தான், பாட்டில் வரும் ஸ்வரமும்தான். ஆனால் பழைய பாட்டுகளில் பொருள் தேடிப் போகிற தலைவன் நடக்கிற வறண்ட வழிக்குச் சுரம் என்று பெயர். அதை எடுத்துக்கொண்டேன். ‘ஜுரத்தார்’ என்று என் அக்கா மகன் இன்னமும் கிண்டல் செய்கிறான். செய்யட்டும்.

எல் என்ற பெயர் எபிரேய மொழியிலிருந்து சுட்டதா?

தமிழில் எல் என்றால் ஒளி, பகல், சூரியன். எல்லை என்ற சொல்லுக்கும் பழைய நூல்களில் பகல் என்று பொருள் உண்டு. கானான் தேசத்துக்காரர்களின் மூத்த தெய்வத்துக்கும் ஏறக்குறைய இதே பெயர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒத்துப்போனது தற்செயல். எல்லை என்றால் வரம்பு என்றும் பொருள் வருகிறதே, அந்த இரட்டை அர்த்தத்துக்காகத்தான் இந்தப் பெயரை விடவில்லை. ‘எல்லை மீறாதே’ என்று ஒரு சுரத்தான் சொன்னால், வெயிலில் போகாதே என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

வெயிலில் சாகிறவர்கள் வெயிலையே ஏன் கும்பிட வேண்டும்?

எல்லாரும் கேட்பது இதுதான். கேட்க வேண்டியதும் இதுதான்.

சூரியனுக்குப் பெரிய கோயில் எங்கெங்கே எழும்பியது என்று பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கோனார்க் ஒடிசாக் கடற்கரையில். நம் ஊர்ச் சூரியனார் கோவில் காவிரிப் பாசனத்தில். சூரியனைக் குலமுதல்வனாகக் கொண்ட இன்காக்கள் இருந்தது ஆண்டிஸ் மலைக்குளிரில். தண்ணீரோ குளிரோ இருக்கிற இடத்தில்தான் சூரியன் நல்லவன். வயல் இருந்தால் அவன் கூட்டாளி, தைப்பொங்கலுக்குப் பானை வைத்து நன்றி சொல்லலாம். வயலே இல்லாதவன் எதற்கு நன்றி சொல்வான்? முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். திரிய வைக்கிறவன் யார்? மேலே இருக்கிறவன்தான்.

அப்படியானால் பாலைவனக்காரனுக்குச் சூரிய பக்தி வராதா? வரும். வேறு மாதிரி வரும். இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியது மாரியம்மன். அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, “ஆத்தா வந்திருக்கா” என்கிறோம். மஞ்சள் தண்ணீர், கூழ், இளநீர் என்று அவளைக் குளிர வைக்கிறோம். முத்து உதிர்ந்ததும் “ஆத்தா எறங்கிட்டா” என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். வந்த தெய்வத்தை மரியாதை குறையாமல் போகச் சொல்கிற வழிபாடு அது. நோயும் அவளே, காப்பும் அவளே. சுரத்தாரின் பக்தி முழுவதும் இந்த வகை. பொழுது சாய்ந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்து, “எல் இறங்கிவிட்டது” என்பார்கள். எதிரில் வருகிறவர், “பிழைத்தோம்” என்பார். அவர்களுடைய வணக்கமே அதுதான்.

சரி, எப்படிக் கும்பிடுவார்கள்?

முதுகைக் காட்டி.

சூரியனை நேராகப் பார்த்தால் விழித்திரை கருகும். வலிகூடத் தெரியாது, ஏனென்றால் விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது. பார்த்தால் கண்ணைப் பறித்துக்கொள்கிற தெய்வத்தின் முன்னால் எப்படி நிற்பது? அதனால் விடியலில் எழுந்து மேற்குப் பார்த்து நிற்பார்கள். முதுகில் இளஞ்சூடு ஏறும். முன்னால் நிழல் பத்து ஆள் நீளத்துக்கு மணலில் விழுந்து கிடக்கும். அந்த நிழல்தான் மூர்த்தி. அவரவர் நிழலை அவரவர் கும்பிட வேண்டும். குனிந்தால் நிழலும் குனியும். சாமியே பதிலுக்கு வணக்கம் சொன்ன மாதிரி இருக்கும் என்று சுரத்துக் குழந்தைகள் நினைக்கும்.

சூரியனுக்குத் தண்ணீர் விடுவார்களா, நம்மைப் போல?

ஒரு கை தண்ணீரை மணலில் கொட்டினால் அங்கே அது கொலைக்குச் சமம். வாயில் ஒரு மடக்கு வைத்துக்கொள்வார்கள். வாய் நிறையத் தண்ணீர் இருப்பதால் பேச முடியாது. வேண்டுதலை மனசுக்குள் சொல்லிவிட்டு விழுங்குவார்கள். மந்திரம் கிடையாது. இருந்தாலும் சொல்ல வாய் இல்லை.

கோயில் எப்படி இருக்கும்? கோபுரம் உண்டா?

ஒரு கழி, ஒரு பந்தல். வேறொன்றும் இல்லை.

கழி என்பது ஆள் உயரத்துக்கு மணலில் செங்குத்தாக நட்ட மரம். அதைச் சுற்றிக் கல் வரிசை. கழியின் நிழல் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்க்கிறவருக்கு நிழலளப்பான் என்று பெயர். பூசாரி என்று தனியாக யாரும் இல்லை. இந்த யோசனை மதுரைக்கு ரொம்பப் பழையது. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டியன் அரண்மனைக்கு மனைபோட்ட விதத்தைச் சொல்கிறார். இரண்டு கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத உச்சி நேரம் பார்த்து, நூல் தெரிந்தவர்கள் கயிறு கட்டி அளந்தார்களாம். அரண்மனை போய்விட்டது, கோலை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

பந்தல் வந்த வழி வேறு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து வைகைக்கு ஒரே மூச்சில் வருவதில்லை. வழிநெடுக மண்டகப்படி மண்டகப்படியாக இறங்கி இறங்கித்தான் வருகிறார். கூட வருகிற சனத்துக்கு நீர்மோர்ப் பந்தல், பானக்கம், தோல்பையில் பீய்ச்சியடிக்கிற தண்ணீர். சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் நசுங்கி நின்றபோது எனக்குச் சாமி சரியாகத் தெரியவில்லை. பந்தல் நிழலுக்குள் தலை நுழைந்த நொடி மட்டும் மறக்கவில்லை. சுரத்தாரின் கோயிலில் கருவறை என்றால் அந்த நொடிதான்.

நிழலற்ற நாள் என்றால் என்ன?

விளையாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் வருஷத்துக்கு இரண்டு நாள் உச்சியில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். மதுரை வடக்கு அட்சரேகை 9.9 பாகையில் இருப்பதால் நமக்கு அது ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை. உச்சி என்பது கடிகாரத்துப் பன்னிரண்டு மணி அல்ல. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. மதுரை அதற்கு மேற்கே 78.1-ல் இருக்கிறது. ஆக, ஏப்ரல் நடுவில் நமக்கு உச்சி 12.17 வாக்கில்தான் வரும்.

இதை நம்பாமல் மாடியில் செய்து பார்த்தோம். ஒரு பிவிசி குழாய்த் துண்டு, தூக்குக்குண்டு கட்டிய நூல், தரையில் சாக்கட்டிக் கோடு. தட்டோடு கொதித்ததால் ஈரச் சாக்கு விரித்து அதன்மேல் உட்கார்ந்தோம். பன்னிரண்டு மணிக்குக் குழாயின் மேற்கே விரல் அகலத்துக்கும் மேலாக நிழல் இருந்தது. அது குழாயின் காலடிக்குள் நுழைவது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்திருந்தது. 12.17-க்கு வெளியே ஒன்றுமே இல்லை. குனிந்து குழாய்க்குள் பார்த்தேன். அடியில் தரைமேல் முழு வட்டமாக வெளிச்சம், ஒரு ரூபாய்க் காசைப் பளபளவென்று தேய்த்துப் போட்ட மாதிரி. கீழேயிருந்து அம்மா, “மண்டை காஞ்சு விழப்போறீங்கடா” என்று கத்தியதும் இறங்கி வந்து பதநீர் குடித்தோம். ஒரு நாள் முன்பின் ஆனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு மீட்டர்க் கழிக்கு அரை சென்டிமீட்டர் சொச்சம்தான் நிழல் விழும்.

சுரத்தாருக்கு இந்த நேரம் பயங்கரமானது. மூர்த்தியே காணாமல் போகிற நேரம் அல்லவா? தலைவன், அடிமை, கடன் கொடுத்தவன், வாங்கியவன் யாருக்கும் நிழல் இல்லை. அதனால் அந்த நேரத்தில் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, ஒருவர் துண்டை மற்றவர் தலைக்கு மேல் விரித்துப் பிடிப்பார்கள். நூறு மூச்சு எண்ணும்வரை கையை இறக்கக் கூடாது. எல் நிழலை வாங்கிக்கொண்டால் மனுஷன் கொடுக்க வேண்டும். ஜோடியை நிழலளப்பான் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார். ஒரு ஆட்டத்தில் என் பாத்திரத்தின் அண்ணனைக் கொன்றவன் ஜோடியாக வந்தான். துண்டைப் பிடித்தேன். நூறு மூச்சையும் என் அக்கா மகன் வாய்விட்டு எண்ணினான், பாவி, நிதானமாக.

மற்ற நாட்களில் நாட்காட்டி?

ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் மதிய நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. மதுரையில் ஒரு மீட்டர்க் கழி நட்டால் ஜூன் 21 உச்சியில் தெற்கே சுமார் 24 சென்டிமீட்டர், டிசம்பர் 21-ல் வடக்கே சுமார் 66 சென்டிமீட்டர். சுரத்தாருக்கு இதுதான் வருஷம்: தென்னிழல் காலம், வடநிழல் காலம். தென்னிழலில் பகல் பயணம் கிடையாது.

பத்துப் பாகையில் பாலைவனம் வருமா?

நியாயமான சந்தேகம். முதல் கோடையில் நான் தார்ப் பாலைவனத்தை மனதில் வைத்துத்தான் வரைபடம் போட்டேன். எங்களோடு ஆடும் ஒரு பூகோள ஆசிரியர் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டார்: ஜெய்சல்மேர் 26.9 பாகை, கடகரேகைக்கு வடக்கே, அங்கே சூரியன் தலைக்கு நேர்மேலே வரவே வராதே, அப்புறம் எப்படி நிழலற்ற நாள்? பாதி மதமே இடிந்து விழுந்தது. பிறகு அவரே சோமாலியாவின் பெர்பெராவைக் காட்டினார். ஏறக்குறைய 10.4 பாகை, கடலோரம், சுட்டெரிக்கிற பாலை. மதுரையிலிருந்து அட்சரேகை மாறாமல் மேற்கே கோடு இழுத்தால் அந்தப் பக்கம்தான் போய்ச் சேரும். ஏழு கிணற்றையும் அங்கே இடம் மாற்றினேன்.

நரபலி உண்டா?

இல்லை. சூரிய வழிபாடு என்றதும் எல்லாருக்கும் அது ஏன் நினைவுக்கு வருகிறது என்று தெரியவில்லை. அவர்கள் கொடுப்பது உப்பு. காய்ந்த காற்றில் வியர்வை வழியாது, உடனே ஆவியாகி நெற்றியில் வெள்ளையாகப் பூத்துவிடும். மாலையில் அதை விரலால் வழித்துக் கழியின் அடியில் தடவுவார்கள். உழைக்காதவன் நெற்றியில் உப்பு இருக்காது. அவன் கழியைத் தொட வெட்கப்படுவான். வெளியூர்ப் பணக்காரன் ஒருவன் பல்லக்கில் வந்து இறங்கி, கடையில் வாங்கிய உப்பைப் பூசிக்கொண்டு மாட்டிக்கொள்கிற கதை ஒன்று இருக்கிறது. இரண்டாவது கோடையில் மூன்று ராத்திரி ஓடியது.

பாவம், தண்டனை?

பெரிய பாவம், இன்னொருவருக்குக் கிடைக்கிற நிழலை மறைப்பது அல்லது விலைக்கு விற்பது. தண்டனை, ஒரு பகல் முழுக்க யாரும் அவனுக்குப் பந்தலில் இடம் தரமாட்டார்கள். சாக மாட்டான், ஆனால் மறக்கவும் மாட்டான்.

கிரகணம் வந்தால் பயப்படுவார்களா?

மாறாகக் கொண்டாடுவார்கள். காரணத்தைச் சொல்ல நான் திண்டுக்கல்லுக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

2019 டிசம்பர் 26 காலையில் வளையச் சூரிய கிரகணம் திண்டுக்கல் பக்கம் முழு வளையமாகத் தெரிந்தது. கிரகணக் கண்ணாடி கிடைக்காமல், ரோட்டோரத்தில் ஒரு புங்க மரத்தடியில் நின்றேன். மரத்தடியில் எப்போதும் விழுகிற வட்டவட்டமான வெளிச்சப் பொட்டுகள் முதலில் பிறைகளாக மாறின. ஒன்பதரை மணி வாக்கில் எல்லாம் வளையல்கள். என் சட்டை மேல், ஒரு டீக்கடைப் பெஞ்சின் மேல், படுத்திருந்த நாயின் முதுகில், எங்கே பார்த்தாலும் வளையல். இலைகளின் இடைவெளி எந்த வடிவத்தில் இருந்தாலும் சரி, அது சின்னதாக இருந்து தரை போதுமான தூரத்தில் இருந்தால் கீழே விழுவது சூரியனின் பிம்பம்தான். கூரைவீட்டில் கீற்று ஓட்டை வழியாகத் தரையில் விழும் வட்டக் காசும் இதே விஷயம். அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் சுரத்தாரின் மதம் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. திறந்த வெளியில் எல்லின் முகத்தைப் பார்க்கவே முடியாது. நிழலுக்குள் வந்தால்தான் அது முகம் காட்டும். பந்தலின் பாயில் அதற்காகவே கடுகளவு ஓட்டை ஒன்று விடுவார்கள். தரையில் சின்ன வட்டம் விழும். நோயாளியின் நெஞ்சில், பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் அந்த வட்டம் படும்படி பிடிப்பார்கள். கிரகணத்தன்று வட்டம் பிறையாகும்போது, எல் கண்ணை மூடிச் சிரிக்கிறது என்பார்கள்.

எகிப்தைப் பார்த்து எடுத்ததா?

அகெநாதன் என்ற அரசன் கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஆதென் என்ற சூரிய வட்டை ஒன்றையே தெய்வமாக்கி, அமர்னாவில் கூரையில்லாக் கோயில் கட்டினான். வெயில் நேரே பலிபீடத்தில் விழ வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் செத்த கொஞ்ச காலத்தில் ஊரும் போனது, மதமும் போனது. சுரத்தாரின் கோயிலில் கூரை மட்டும்தான் இருக்கிறது. ஒப்பிட்டால் அவனுக்கு நேர் எதிர் இவர்கள். நைல் ஆறு பக்கத்தில் இருந்ததால் அவனுக்கு அந்தத் தைரியம் வந்தது என்பது என் கணிப்பு.

சந்திரனைக் கும்பிடுகிறவர்கள் உண்டா?

உண்டு, மதியர். ராத்திரியில்தான் நடக்கிறோம், வழிகாட்டுவது நிலவும் நட்சத்திரமும், அப்புறம் எதற்கு எல் என்று கேட்கிற கட்சி. வாலிபப் பசங்களுக்குப் பிடித்த கட்சி. நிலவிலும் நிழல் விழுமே என்று அவர்கள் மடக்கினால் நிழலளப்பான்களிடம் நல்ல பதில் இல்லை. என்னிடமும் இல்லை. வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன்.

செத்தவர்களை என்ன செய்வார்கள்?

ராத்திரியில் புதைத்துவிட்டு ஒரு கல்லை நட்டு வைப்பார்கள். மண்ணுக்குள் போனவருக்கு நிழல் இல்லை. கல் அவருக்காக நிழல் விழச் செய்யும். வைகைக் கரையில், ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்களைப் பற்றிப் படித்தபோது இது தோன்றியது. வழிப்போக்கர்கள் அந்தக் கல்லின் நிழலில் உட்காரலாம். உட்கார்ந்தால் எழும்போது, “வருகிறேன் தாத்தா” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தாயக்கட்டைக்கும் எல்லுக்கும் என்ன தொடர்பு?

ரெண்டு பித்தளைக் கட்டை, நாலு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. ரெண்டும் வெறுமையாக விழுந்தால் நம் ஆட்டத்தில் அதற்குப் பன்னிரண்டு என்று பெயர். ஒன்றுமே இல்லாததற்கு ஏன் பன்னிரண்டு என்று சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டு, “ஆடுறா” என்ற பதில்தான் கிடைத்தது. எங்கள் விளையாட்டில் அது உச்சிப் பொழுது, நிழலற்ற வீச்சு. கட்டை ஒழுங்காக இருந்தால் பதினாறில் ஒருமுறை விழும். விழுந்ததும் மேலே இருந்தவன் கீழே, கீழே இருந்தவன் மேலே. சேர்த்துவைத்த நிழற்புள்ளிகளை எல்லாரும் நடுவில் கொட்டிச் சமமாகப் பங்கு போட வேண்டும். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால் ஒரு பந்தல் கண்ணில் படும். அது எட்டில் ஒருமுறை. ஐந்து, ஆறு விழுந்தால் வழக்கம்போல் மறுபடி உருட்டலாம்.

நம் சாமியைக் கிண்டல் செய்வதாக ஆகாதா?

எங்கள் அம்மா தினமும் மாடியில் சூரியனுக்குச் செம்பில் தண்ணீர் விடுகிறவர். சுரத்தார் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “தண்ணியைக் கொட்டாமக் கும்பிடுறாங்களா? நல்ல புள்ளைங்க” என்றார். மறுநாளிலிருந்து செம்புத் தண்ணீரைத் துளசித் தொட்டிக்குள் விடுகிறார்.

அடுத்த ஆட்டம் எப்போது?

ஆகஸ்ட் கடைசி வாரம், நிழல் மறுபடி தொலைகிற நாளை ஒட்டி, மேகம் இல்லையென்றால். அப்போது உச்சி 12.19 வாக்கில் வரும், பதினொன்றரைக்கே வந்துவிடுங்கள். துண்டு அவரவர் கொண்டு வர வேண்டும். குழாய்த் துண்டு பரணில் பத்திரமாக இருக்கிறது. தாயக்கட்டையில் ஒன்றைத்தான் காணோம். போன தடவை யார் மடித்த பாய்க்குள் போயிற்றோ, வீட்டில் உதறிப் பாருங்கள்.